ரெண்டு அடித் தொட்டியில் மல்டி: மேல் தண்ணீருக்கு யாரை விடலாம்?

கொட்டகலைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். 24 அங்குல நீளம், 12 அகலம், 12 உயரத் தொட்டி ஒன்றில் மல்டி வளர்க்கிறேன். நத்தை ஓட்டுக்குள் குடியிருக்கும் அந்தக் குட்டி சிக்லிட்தான், முழுப் பெயர் நியோலாம்ப்ரோலோகஸ் மல்டிஃபாசியாட்டஸ். ஏழு வாங்கி விட்டேன், இப்போது குஞ்சும் குட்டியுமாக எண்ண முடியவில்லை. ஆற்று மணல் ரெண்டு அங்குலம், ஓடு இருபதுக்கு மேல், ஸ்பொஞ்ச் பில்டர், 100 வாட் ஹீட்டர். வெப்பம் 25இல் நிற்கிறது. தண்ணீர் எங்கள் தோட்டத்துப் பீலித் தண்ணீர்தான். அது சுண்ணாம்புச் சத்துக் குறைந்த மென்மையான தண்ணீர், மல்டிக்கு வேண்டியது கடினத் தண்ணீர் என்பதால் கோழித் தீவனக் கடையில் விற்கும் சிப்பித் துண்டுகளைத் துணிப்பையில் கட்டி பில்டர் பக்கத்தில் போட்டிருக்கிறேன். தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் பி.எச். 7.8 காட்டுகிறது.

மீனுக்கு ஒரு குறையும் இல்லை. குறை வீட்டில்தான். எல்லாமே அடியில் நாலு அங்குலத்துக்குள் நடக்கிறது, மேலே வெறும் தண்ணீர். "இவ்வளவு செலவு பண்ணி மண்ணையும் ஓட்டையும் பார்க்கவா?" என்று அம்மா கேட்கிறார். டவுனில் மீன் கடைக்காரரிடம் கேட்டேன். டைகர் பார்ப் நாலு, பாசி தின்னும் டேங்க் கிளீனர் மீன் ஒன்று, மஞ்சள் லெமன் சிக்லிட் ரெண்டு போடலாம், "எல்லாம் ஆப்பிரிக்கன்தானே தம்பி" என்றார். கண்டியில் ஒரு கடையில் ஒசெல்லாடஸும் பார்த்தேன். அதுவும் ஓட்டுக்குள் இருக்கும் மீன்தானே, சேர்ந்து இருக்காதா? இன்னொன்று, கூட்டாளி ஒருவன் களனி கங்கைப் பக்கத்து ஓடையில் செர்ரி பார்ப் பிடித்துத் தருகிறேன் என்கிறான். யாரை விடலாம், யாரை விடக் கூடாது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


நானுஓயா ரயில்:

நம்ம ஊர்க் குளிருக்கு வைட் கிளவுட் மீன்தான் சரி. என் வீட்டில் ஹீட்டரே இல்லாமல் ஓடித் திரிகிறது. பத்து வாங்கி விடுங்கள், மேலே நிறைந்துவிடும்.


பெக்டரி அண்ணன்:

தம்பி, கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் நானுஓயாத் தம்பிக்கு. வைட் கிளவுட் நல்ல மீன், நம்ம குளிருக்குப் பொருத்தமும்தான். ஆனால் அது 18 முதல் 22 பாகைக்குள் சுகமாக இருக்கும் மீன். மல்டிக்கு 24க்குக் கீழே போகாமல் இருந்தால் நல்லது. ஒன்றுக்காக இன்னொன்றை வேக வைக்கவோ நடுங்க வைக்கவோ வேண்டாம். ஹீட்டர் இல்லாத தொட்டிக்கு அதை வையுங்கள், இந்தத் தொட்டிக்கு வேண்டாம்.

இனி உங்கள் கேள்வி. எந்த மீன் மல்டியோடு ஒத்துப்போகும் என்று கேட்டால் ஆளுக்கொரு பட்டியல் தருவார்கள். எந்த மீனுக்குத் தரை வேண்டாம் என்று கேட்டுப் பாருங்கள், பட்டியலில் பாதிக்கு மேல் தானாகவே விழுந்துவிடும். டங்கனிக்கா ஏரியின் அடியில் நியோதௌமா என்ற நத்தையின் காலி ஓடுகள் பெரும் பரப்பாகக் குவிந்து கிடக்கின்றன. மல்டிக்கு அதுதான் ஊர். ஆண் ஐந்து சென்டிமீட்டரை எட்டுவதே பெரிது, பெண் அதைவிடச் சிறியது. பெரிய மீன் வந்தால் நீந்தித் தப்பிக்கும் உடம்பு இல்லை. ஓட்டுக்குள் ஓடுவதுதான் அதற்குத் தெரிந்த ஒரே தப்பிக்கும் வழி. அதனால் ஓட்டையும் அதைச் சுற்றியுள்ள மணலையும் உயிரைக் கொடுத்துக் காக்கும். நீங்கள் கையை விட்டு ஓட்டை நகர்த்தும்போது விரலைக் கொத்தியிருக்குமே? அவை இருக்கும் விதம் நம்ம லயம் மாதிரி. ஒட்டி ஒட்டி வீடு, வாசலில் ஓயாத சண்டை, ஆனால் வெளி ஆள் வந்தால் எல்லாரும் ஒரே கட்சி.

ஆகவே தரையில் மேய்வது, தரையில் தூங்குவது, தரையில் முட்டையிடுவது எதுவும் இந்த ரெண்டு அடிக்குள் வேண்டாம். கோரிடோரஸ், லோச் மாதிரி அடியில் மேயும் மீன் எல்லாம் அதோடு போயிற்று. பாவம், கோரிடோரஸுக்கு எல்லை என்றால் என்னவென்றே தெரியாது. மல்டி எத்தனை முறை விரட்டினாலும் திரும்ப அதே ஓட்டுப் பக்கம் முகர்ந்துகொண்டு போகும், பகல் முழுக்க அடி வாங்கும். இரவில் அதன் முறை, குஞ்சைத் தின்னும்.

டேங்க் கிளீனர் கதை வேறு. கடையில் விரல் நீளம் இருக்கும், வளர்ந்தால் ஒரு அடியைத் தாண்டும். உங்கள் தொட்டியின் அகலமே ஒரு அடிதான், திரும்பக்கூட முடியாது. வாலை ஒரு தரம் வீசினால் மல்டி பார்த்துப் பார்த்துத் தோண்டிய குழி எல்லாம் மூடிவிடும். வளர்ந்த பிறகு வைக்க இடமில்லாமல் ஆட்கள் குளத்திலும் ஆற்றிலும் விட்டு விட்டு அது இப்போது நாட்டுக்கே தொல்லையாகிவிட்டது. கடைக்காரர்கள் ஏன்தான் எல்லாத் தொட்டிக்கும் அதைத் தலையில் கட்டுகிறார்களோ தெரியவில்லை. பாசி துடைக்க ஆள் வேண்டுமென்றால் நெரைட் நத்தை ரெண்டு போதும். கடினத் தண்ணீரில் அதன் ஓடு கெட்டியாக இருக்கும், மல்டி அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது.

டைகர் பார்ப் மென்மையான தண்ணீர் மீன். அதோடு மற்ற மீனின் துடுப்பைக் கடிக்கும் பழக்கமும் உண்டு. வேண்டாம்.

"எல்லாம் ஆப்பிரிக்கன்தானே" என்பதைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது. கடையில் ஆப்பிரிக்கன் என்று விற்கும் வண்ண வண்ண மீன்களில் பெரும்பாலானவை மலாவி ஏரிப் பாறை மீன்கள். பத்து, பன்னிரண்டு சென்டிமீட்டர் வளரும் ரவுடிகள், மல்டியை ஒரு வாரம்கூட விட்டுவைக்காது. அந்த மஞ்சள் லெமன், லெலுபியாக இருந்தால், அது டங்கனிக்கா மீன்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஏரி 650 கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஆழம் 1,400 மீட்டருக்கும் அதிகம். நாலு நாடுகள் அதன் கரையில் இருக்கின்றன. ஒரே ஏரி என்பதால் ஒரே வீட்டில் இருக்கும் என்று அர்த்தமில்லை. லெலுபி பாறை இடுக்கில் இரை தேடும் மீன். உங்கள் தொட்டியில் பாறை இல்லை, ஆனால் வாய்க்கு அளவான மல்டிக் குஞ்சு நிறைய இருக்கிறது. மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒசெல்லாடஸ் அழகு, அதில் சந்தேகமில்லை. கோல்டு வகை கண்ணைப் பறிக்கும். ஆனால் அதற்கும் வேண்டியது அதே தரை, அதே ஓடு. ரெண்டும் மணலைக் கையாளும் விதமே வேறு. மல்டி ஓட்டைச் சுற்றித் தோண்டித் தோண்டிப் பள்ளமாக்கி எல்லா ஓட்டையும் வெளியே கொண்டுவரும். ஒசெல்லாடஸ் தன் ஓட்டை மணலில் புதைத்து வாசலை மட்டும் தெரிய வைக்கும். ஒன்று புதைப்பதை மற்றது தோண்டினால் என்னாகும்? நாலு அடித் தொட்டியில் இரண்டு மூலையில் வைத்துச் சமாளிப்பவர்கள் உண்டு. ரெண்டு அடியில் ஒரு கட்சிதான் மிஞ்சும், எண்ணிக்கையில் கூடிய மல்டிதான் ஜெயிக்கும். சிமிலிஸ் என்று ஒன்று வரும், கோடு தலை வரை ஓடும், மல்டி மாதிரியே இருக்கும். அதையும் சேர்க்காதீர்கள், ரெண்டும் கலந்து கலப்புக் குஞ்சு வரலாம்.

செர்ரி பார்ப் விஷயத்தில் உங்கள் கூட்டாளிக்கு நல்ல வார்த்தை சொல்லி நிறுத்துங்கள். அது நம்ம நாட்டைத் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லாத மீன். ஈரவலயத்துத் தாழ்நிலத்தில், மர நிழலில், இலை உதிர்ந்து கிடக்கும் மென்மையான தண்ணீரில் இருப்பது. ஓடையில் இருப்பது ஓடையிலேயே இருக்கட்டும். ஆசையென்றால் பண்ணையில் வளர்த்ததைக் கடையில் வாங்கி, உங்கள் பீலித் தண்ணீரை அப்படியே ஊற்றி, ஹீட்டரோடு வேறு தொட்டி வையுங்கள். நம்ம மலைத் தண்ணீர் அதற்குக் கொடுத்து வைத்த தண்ணீர்.

அப்படியானால் யார்தான் மிச்சம்? கப்பி. சிரிக்காதீர்கள். கடினத் தண்ணீர் பிடிக்கும், 25 பாகை பிடிக்கும், மேல் தண்ணீரில்தான் திரியும், வாய் மேல்நோக்கிய வாய். ஆண் மட்டும் ஆறு வாங்குங்கள். பெரிய விசிறி வால் வேண்டாம், அதைத் தூக்கிக்கொண்டு நீந்தவே முடியாமல் கீழே இறங்கும், மல்டி வாலைப் பிய்க்கும். குட்டை வால், இல்லையென்றால் கப்பியின் சின்னச் சொந்தக்காரனான எண்ட்லர். ஆண் மட்டும் என்று சொல்வது ஏனென்றால், பெண் இருந்தால் மாதத்துக்கு மாதம் குட்டி. அதில் கொஞ்சத்தை மல்டி தின்னும்தான், மிச்சம் வளர்ந்து உங்கள் பில்டரின் தலையில் விழும்.

அது ஏன் முக்கியம் என்று கேளுங்கள். நம்ம ஆட்கள் பி.எச். ஏற்றுவதைப் பற்றி மட்டும் பேசுவார்கள், ஏறினால் என்ன நடக்கும் என்று பேச மாட்டார்கள். மீன் கழிவில் வரும் அமோனியாவில் விஷமான பங்கு பி.எச். ஏற ஏறக் கூடும். 25 பாகையில், பி.எச். 7இல் அந்தப் பங்கு 1 சதவீதத்துக்கும் குறைவு. 8இல் 5 சதவீதத்தைத் தாண்டும். 8.5இல் 15 சதவீதம் அளவுக்குப் போகும். மென்மையான தண்ணீர்த் தொட்டியில் நாலு மீன் கூடப் போட்டால் பொறுத்துக்கொள்ளும். இங்கே பொறுக்காது. 57 லீட்டர்தான் உங்கள் தொட்டி, மணலையும் ஓட்டையும் கழித்தால் இன்னும் குறைவு. ஏற்கெனவே குஞ்சு நிறைய. கப்பியை மூன்று மூன்றாகப் பிரித்து, இடையில் ரெண்டு வாரம் விட்டுச் சேருங்கள். அதற்கு முன்பு பெரிய குஞ்சுகளில் பாதியை யாருக்காவது கொடுங்கள், கேட்டால் நானே எடுத்துக்கொள்கிறேன்.

கப்பி வந்தால் ஒரு லாபமும் உண்டு. தலைக்கு மேல் சின்ன மீன்கள் நிம்மதியாகத் திரிவதைப் பார்த்தால் மல்டி இன்னும் தைரியமாக வெளியே நிற்கும்.


கொட்டகலைக்காரன்:

அண்ணே, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி. கடைக்காரர் சொன்னதை நம்பிப் பணத்தோடு போயிருப்பேன்.

ரெண்டு சந்தேகம். கப்பி மல்டிக் குஞ்சைத் தின்னாதா? அப்புறம், கரண்ட் போனால் என்ன செய்வது? இப்போது தை மாசம், காலையில் அறைக்குள்ளேயே 16, 17 தான் இருக்கிறது.


பண்டாரவளை அக்கா:

பெக்டரி அண்ணன் சொன்னதில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சரி. கப்பியைத் தவிர வேறு வழியே இல்லை என்பது ரெண்டு அடிக்கு மட்டும்தான். தம்பி நாளைக்குப் பெரிய தொட்டி வாங்கினால் இதையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம் என்பதால் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது நாலு அடி. இடது பக்கம் கல் அடுக்கு, அதில் ஜூலிடோக்ரோமிஸ் டிரான்ஸ்கிரிப்டஸ் ஒரு ஜோடி. வலது பக்கம் ஓடுகள், மல்டி. நடுவில் ஒரு முழத்துக்கு வெறும் மணல், அதில் கல்லும் இல்லை, ஓடும் இல்லை. அந்த வெறும் மணல்தான் எல்லாவற்றையும் காப்பாற்றுகிறது. ஜூலி கல்லைக் காக்கும், மல்டி ஓட்டைக் காக்கும், நடுவில் வந்து முகத்துக்கு முகம் வாயைத் திறந்து காட்டிவிட்டு இரண்டும் திரும்பிப் போகும். கல்லை மணல் மேல் அடுக்காதீர்கள். முதலில் கண்ணாடித் தரையில் கல்லை வைத்து, பிறகு மணலைப் போடுங்கள். மல்டி அடியில் தோண்டினால் அடுக்கு சரியும். ஜூலியிலும் மார்லியரி, ரெகானி பெரிய ஆட்கள், அவற்றை எடுக்க வேண்டாம்.

மேலே சிப்ரிக்ரோமிஸ் கூட்டம். ஏரியிலும் திறந்த தண்ணீரில் கூட்டமாகத் திரியும் மீன், முட்டையையும் வாயில் வைத்தே அடைகாக்கும், அதனால் தரைக்கு இறங்க வேண்டிய தேவையே இல்லை. மல்டியோடு அதைவிடப் பொருத்தமான மேல் மீன் எனக்குத் தெரியவில்லை. ஆனால் பத்துக்குக் குறையாத கூட்டமும் நாலு அடி நீளமும் இல்லாமல் அதைத் தொடக்கூட வேண்டாம். துள்ளும். கரண்ட் போய் இருட்டில் கிடக்கும்போது திடீரென்று வந்து லைட் எரிந்தால் ஒன்றுக்கொன்று மோதி மேலே பாயும். மூடியில் ஓர் இடைவெளி இருந்தாலும் காலையில் தரையில் கிடக்கும். தொட்டி லைட்டுக்குத் தனி சுவிட்ச் வைத்து, கரண்ட் போனதும் அதை ஆஃப் செய்துவிடுவது என் வழக்கம்.

குஞ்சு அதிகமாகிறது என்றால் ஆல்டோலாம்ப்ரோலோகஸ் கால்வஸ் ஒன்று நல்ல வேலை செய்யும். தட்டையான உடம்பு, மிக மெதுவாக வளரும், வெளியே திரியும் குஞ்சை மட்டும் பொறுக்கும். பெரிய மல்டி ஓட்டுக்குள் போய்விட்டால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. இதுவும் பெரிய தொட்டிக்குத்தான்.


பெக்டரி அண்ணன்:

அக்கா சொன்ன வெறும் மணல் விஷயம் தங்கம். கால்வஸ் விஷயத்தில் நான் ஒப்ப மாட்டேன். அது 13 சென்டிமீட்டர் வரை வளரும் மீன், மூன்று சென்டிமீட்டர் பெண் மல்டி அதற்கு ஒரு கவளம். குஞ்சைக் குறைக்க வேறொரு மீனைப் போடுவதைவிடக் குஞ்சைப் பிடித்துக் கொடுப்பது எளிது. ஓட்டை மெதுவாகத் தூக்கி ஒரு வாளித் தண்ணீரில் வாய் கீழாகப் பிடித்தால் உள்ளே இருப்பது கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கும். சரி, இது ஆளாளுக்கு அபிப்பிராயம்.

தம்பி கேட்டதற்கு வருகிறேன். கப்பி வாய்க்கு எட்டினால் எந்தக் குஞ்சையும் தின்னும். ஆனால் மல்டிக் குஞ்சு முதல் நாட்களில் ஓட்டு வாசலை விட்டு நகராது. வாசலில் தாய் நிற்கும். கப்பி அடிக்கு இறங்குவது பசித்தால்தான். அதனால் சாப்பாடு போடும் முறையை மாற்றுங்கள். முதலில் மேலே மிதக்கும் தூளைக் கப்பிக்குப் போட்டு, அது தின்று கொண்டிருக்கும்போதே ஊசியில்லாத சிரிஞ்ச் ஒன்றில் பிரைன் ஷிரிம்ப் என்ற உப்புநீர்ப் பூச்சி இறாலின் குஞ்சை எடுத்து ஓட்டு வாசலில் விடுங்கள். பார்மசியில் கிடைக்கும் 20 மில்லி சிரிஞ்சோடு ஏர் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகினால் போதும்.

மேலே ஹோர்ன்வோர்ட் செடி கொஞ்சம் மிதக்க விடுங்கள். வேர் பிடிக்கும் செடி வேண்டாம், மல்டி பிடுங்கிப் போடும். உங்கள் அம்மாவுக்கும் பச்சையாக ஏதாவது கண்ணில் படும்.

கரண்ட். இது என் தொழில், இதில் யாரும் என்னோடு வாதாட வர வேண்டாம். 17 பாகை அறையில் 57 லீட்டரை 25இல் நிறுத்த 100 வாட் போதும். நுவரெலியாவில், உறைபனி விழும் தை மாசத்தில் என்றால் இன்னும் கொஞ்சம் கேட்பேன். கரண்ட் போனவுடன் தண்ணீர் ஆறிவிடாது. தொட்டியின் பின்பக்கமும் ரெண்டு ஓரமும் ஒரு அங்குல ரெஜிபோம் வெட்டி ஒட்டுங்கள், அடியிலும் ஒன்று. டிவி வாங்கிய பெட்டியில் வந்தது வீட்டில் கிடக்கும். கரண்ட் இல்லாதபோது முன்பக்கம் ஒரு கம்பளியைப் போர்த்துங்கள். ரெண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒன்றும் ஆகாது. சூடு போவதைவிட ஸ்பொஞ்ச் பில்டர் காற்றில்லாமல் நிற்பதுதான் எனக்குப் பயம். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வைத்திருங்கள். கரண்ட் இல்லாத நேரம் சாப்பாடு போடாதீர்கள்.

ஹீட்டரைக் கொஞ்சம் மேலே, மணலிலிருந்து நாலு விரல் தள்ளிச் சாய்வாக ஒட்டுங்கள். மல்டி மணலை அள்ளி அள்ளி ஒரு பக்கம் குவிக்கும்போது ஹீட்டரின் அடி புதைந்தால் கண்ணாடி சூடேறி வெடிக்கும்.

சிப்பித் துண்டு நல்லது, தொடருங்கள். யாராவது தோட்டத்து ஸ்டோரில் டொலமைட் இருக்கிறதே, கவ்வாத்து முடிந்து தேயிலைக்குப் போடுகிறார்களே, அதை ஒரு கைப்பிடி போடு என்றால் கேட்காதீர்கள். அது மாவு, தொட்டி வெள்ளைத் தண்ணீராகிவிடும். மாத்தளைப் பக்கத்து டொலமைட் சிறு கல்லாகக் கிடைத்தால் கழுவிப் பையில் கட்டலாம். கல்லும் சிப்பியும் பி.எச். 8 நெருங்கியதும் கரைவதைக் குறைத்துக்கொள்ளும், அதற்கு மேல் ஏறவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். தண்ணீர் மாற்றும்போது புதுத் தண்ணீரில் 50 லீட்டருக்கு ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா கலந்தால் கே.எச்., அதாவது தண்ணீரின் கார்பனேட் கடினம், மூன்று பாகை ஏறும். வாளியில் கலந்து ஊற்றுங்கள், தொட்டியில் நேராகக் கொட்டாதீர்கள்.


நானுஓயா ரயில்:

வைட் கிளவுட்டை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அண்ணே, செப்ரா டானியோ? மலிவு, மேலேதான் ஓடும்.


பெக்டரி அண்ணன்:

மூன்று அடியிலிருந்து யோசிக்கலாம். ரெண்டு அடியில் அது ஓட ஆரம்பித்தால் ஓயாது, கீழே போடும் சாப்பாட்டையும் அதுவே முதலில் வந்து பிடுங்கும். மல்டி நிதானமாகத் தின்னும் மீன்.


கொட்டகலைக்காரன்:

முடிவு செய்துவிட்டேன். ஆண் கப்பி, குட்டை வால், மூன்று மூன்றாக. குஞ்சில் பாதி உங்களுக்குத்தான் அண்ணே, தலவாக்கலை டவுனுக்குக் கொண்டு வருகிறேன். கடைத் தண்ணீர் மென்மை, என் தொட்டி கடினம். பையை மிதக்க விட்டால் போதுமா?


பெக்டரி அண்ணன்:

போதாது. மிதக்க விட்டால் வெப்பம்தான் சரியாகும், தண்ணீரின் தன்மை சரியாகாது. முதலில் நேராகத் தொட்டிக்கே கொண்டு போகாதீர்கள். ஹீட்டர் வைத்த வாளி ஒன்றில் ரெண்டு வாரம் தனியாக வைத்துப் பாருங்கள். கடைக் கப்பிக்குக் குடல் புழு இருக்கலாம். பின்பக்கம் சிவப்பு நூல் மாதிரி எதுவும் தொங்கினால் அந்த மீன் உங்கள் தொட்டிப் பக்கமே வரக் கூடாது. அந்த வாளித் தண்ணீரின் தன்மையைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரின் தன்மைக்குக் கொண்டுவர வேண்டும். ஏர் குழாயில் ஒரு முடிச்சுப் போட்டுத் தொட்டித் தண்ணீரை வாளிக்குள் சொட்டுச் சொட்டாக விடுங்கள், அவசரம் வேண்டாம். கடைசியில் வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள், வாளித் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

வாங்கும்போது பையை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். வயிற்றுக்குக் கீழே உள்ள துடுப்பு ஊசி மாதிரி இருந்தால் ஆண், விசிறி மாதிரி இருந்தால் பெண். கடைக்காரர் "எல்லாம் ஆண்தான்" என்பார். ஒரு பெண் கலந்து வந்தால் ஆண் இல்லாமலே மாசக் கணக்கில் குட்டி போடும், ஆணின் விந்தை உடம்புக்குள் சேமித்து வைத்திருக்கும். அப்புறம் அந்தக் கப்பிக் குட்டியையும் என்னிடம்தான் கொண்டு வருவீர்கள், அதற்கு என்னிடம் இடம் இல்லை.